எக்ஸ்ரே அண்ணனும் இடது டயரும்

மூடியைத் திருகும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரவேண்டும். வராவிட்டால் எக்ஸ்ரே அண்ணன் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டார். கடைக்காரர் தன் கையால் எடுத்துக் கொடுத்த பாட்டிலாக இருந்தாலும் காதோரம் வைத்துத் திருகுவார். சத்தம் கேட்டால் ஒரு மடக்கு உள்ளே போகும். கேட்காவிட்டால் பாட்டில் திரும்பிப் போகும். “யாரோ வாய் வச்சிருக்கான்” என்பார்.

சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வேகப் போட்டிக்குப் போகும் கார்களைத் தயார்செய்வதுதான் தொழில். ஒர்க்‌ஷாப்புக்கு நான்கு பூட்டு. சாவிக்கொத்து இடுப்பில். அந்தச் சாவிகளிலும் இரண்டு எதற்கும் சேராத பொய்ச்சாவி, திருடன் குழம்பட்டும் என்று. சில நாள் அவரே குழம்பி, வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிர்ச்சாரியில் இன்னொரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அதன் முதலாளி தும்மினால், யாருக்கு ஜாடை காட்டுகிறான் என்று இவர் பார்ப்பார். ஆள் முகத்தைப் பார்த்தே குடல்வரை தெரிந்துகொள்வேன் என்று சொல்லித் திரிந்ததால் எக்ஸ்ரே என்று பெயர் வந்தது. வைத்தது அவர் மனைவி என்று கேள்வி. அந்த அம்மா ஒத்துக்கொள்வதில்லை.

இப்போது அவர் கையில் இருப்பது ஒரு பல் டாக்டருடைய கார். பின்சக்கரம் தள்ளி ஓடுகிற கார். எஞ்சினில் யானைப் பலம். ஆனால் போட்டியில் பச்சை விளக்கு விழுந்து, ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின் டயர் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கக்கும். பக்கத்து வண்டி அதற்குள் பாதித் தூரம் போயிருக்கும். “பலம் இருந்து என்ன சார், காலு வழுக்குதே” என்று சொல்லித்தான் அண்ணன் வேலையை ஆரம்பித்தார். முன்னால் இருந்த பேட்டரியைத் தூக்கி டிக்கிக்குள் வைத்தார். கிளம்பும்போது மூக்கு எழும்பி எடையெல்லாம் பின்னால் சாயட்டும் என்று முன் ஷாக் அப்சார்பரைத் தளர்த்தினார். பின் ஸ்பிரிங்கை மாற்றினார். கடைசியில் டயர் தரையில் பரந்து உட்காரட்டும் என்று காற்றைக் குறைத்துக்கொண்டே வந்து, பதினெட்டு பவுண்டில் நிறுத்தினார். பதினெட்டில் வண்டி தரையைக் கவ்வியது. அந்த எண்ணை அவர் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. தூக்கத்தில் உளறியதால் அந்த அம்மாவுக்குத் தெரியும்.

ஒர்க்‌ஷாப் வாசலில் கவ்விய வண்டி, ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் கவ்வவில்லை. கிளம்பியதும் இடதுபக்கம் இழுத்து, ஆளைப் பார்த்த நண்டு மாதிரி ஓடியது.

போட்டி நடக்கும் இடத்தில் வண்டிகள் வலப்பக்கம் கம்பிவேலியை ஒட்டி வரிசையில் நிற்கும். முறை வர இரண்டு மணி நேரம் ஆகும். வரிசைக்குள் போய்விட்டால் காற்றடிக்க வசதி கிடையாது. அந்த இரண்டு மணி நேரமும் அண்ணன் காற்றை அளக்கும் கேஜும் கையுமாகக் குந்தியிருப்பார். வலது டயரை வரிசைக்குள் நுழையுமுன் ஒரே ஒருமுறைதான் பார்ப்பார், அதற்குப் பிறகு வேலிக்கும் வண்டிக்கும் நடுவில் நுழைய அவர் தொப்பை சம்மதிக்காது. இடது டயரில் பார்த்தால் முதலில் பதினெட்டு. கொஞ்ச நேரம் கழித்துப் பதினேழரை. பிறகு பதினாறு. அண்ணனுக்கு மூக்கில் வேர்த்தது.

“எவனோ இறக்குறான்” என்றார்.

“காத்தையா? எப்ப மாமா? நீங்கதான் இங்கயே குந்தியிருக்கீங்களே” என்றான் ஸ்டியரிங்கில் இருந்த மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வாரநாளில் ரொட்டி வேன் ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை இந்தக் காரை ஓட்டுகிறவன்.

“நான் கண் சிமிட்டுறப்ப.”

அடுத்த ஞாயிறுக்கு அண்ணன் பொறி வைத்தார். மனைவியின் ரோஸ் நகப்பூச்சை எடுத்துப்போய், இடது டயரின் காற்றுமூடி விளிம்பில் ஒரு பொட்டு வைத்தார். மூடியைத் திறந்தால் பூச்சு உடையும், கையில் சாயம் ஒட்டும், திருடன் மாட்டுவான் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறை கேஜ் வைத்துப் பார்த்த பிறகும் மறக்காமல் புதுப்பொட்டு வைத்தார். திரும்பி வந்து பார்த்தால் பொட்டு அப்படியே இருக்கிறது. காற்று மட்டும் குறைந்திருக்கிறது. குறையக் குறைய அடிக்கடி பார்த்தார். பார்க்கப் பார்க்க இன்னும் குறைந்தது. வண்டி போன தடவையைவிட மோசமாக இழுத்தது. ஓடுபாதையின் இடது வேலியில் உரசாமல் வந்தது மச்சினனின் கெட்டிக்காரத்தனம்.

பல் டாக்டர் வந்தார். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், யாரிடம் பேசினாலும் வாயைத்தான் பார்ப்பார். “இன்னும் ஒரு ஞாயிறு பாக்குறேன். நேரா போகலன்னா வண்டி எதிர்க்கடைக்குப் போயிடும்” என்றார் அண்ணனின் பல்லைப் பார்த்து.

இரண்டு வருட உழைப்பு. அது எதிர்ச்சாரியில் போய் நிற்பதை வாசலில் உட்கார்ந்து தினமும் பார்க்கவேண்டும். அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. மூளை மட்டும் சுறுசுறுப்பாகக் கணக்குப் போட்டது. பொட்டு உடையவில்லை, காற்று இறங்கியிருக்கிறது. அப்படியானால் திறந்தவன் திரும்பப் பூசியிருக்கிறான். அதே ரோஸ் யாரிடம் இருக்கும்? வீட்டு ஆளிடம்தான்.

“நேத்து எதிர்க்கடைக்காரன்கூட நின்னு சிரிச்சியாமே?” என்றார் மச்சினனிடம், நாலு பேர் கேட்க.

“ரொட்டி குடுத்தேன் மாமா. ரொட்டி வாங்குறவன்கிட்ட அழுதுகிட்டா குடுப்பாங்க?”

“உங்க அக்கா நகப்பூச்சு உன் கைக்கு எட்டும்ல?”

மச்சினன் அவரையே பார்த்தான். பிறகு கார்ச் சாவியை பானெட் மேல் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான், அதுதான் உறைத்தது. நடந்து போய்விட்டான். மூன்று நாள் வீட்டுப்பக்கம் வரவில்லை.

புதன்கிழமை அந்த அம்மா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். நேராக இடது டயர்ப் பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“பதினெட்டு வைங்க.”

“உனக்கு எப்படித் தெரியும் பதினெட்டுன்னு?”

“மொதல்ல வைங்க. இப்ப அங்க பாக்குற மாதிரி பாருங்க.”

பார்த்தார். கேஜை வைக்கும்போது கொஞ்சம் காற்று ‘புஸ்’. எடுக்கும்போது ‘புஸ்’. பதினெட்டு.

“இன்னொரு தடவ.” புஸ், புஸ். “இன்னொரு தடவ.”

அண்ணனுக்கு முட்டி வலித்தது. அந்த அம்மா விடவில்லை. வாசலில் ஒரு ரொட்டி வேன் வந்து திரும்பிப் போனது. இருபதாவது தடவையோ என்னவோ, முள் பதினாறுக்கும் கீழே நின்றது.

“யாருங்க இறக்கினது? நான் இங்கதான் இருக்கேன். என் தம்பி வேன்ல இருக்கான்.”

அண்ணன் கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த கேஜை யாரு வாங்கிட்டு வந்தா?” என்றார் கடைசி நம்பிக்கையாக.

“நீங்கதான். பழசு சரியில்ல, யாரோ மாத்திட்டான்னு சொல்லி.” அந்த அம்மா அவர் கட்டைவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். நகமெல்லாம் ரோஸ். “திருடன் கையில சாயம் ஒட்டும்னு சொன்னீங்களே.”

அண்ணன் அந்த விரலை மடக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். அக்கா கூப்பிட்டதால் வந்தான், மாமா முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் தொண்டையைக் கனைத்தார், ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி. “பெட்ரோல் போட்டாச்சா?” என்றார். “ம்” என்றான் அவன்.

வரிசைக்குள் நுழையுமுன் அந்த அம்மா சட்டம் போட்டார். இடதில் ஒரு தடவை, வலதில் ஒரு தடவை பார்க்கலாம். அதோடு கேஜ் அவர் கைப்பைக்குள் போய் ஜிப்பும் மூடியது. இரண்டு மணி நேரம் அண்ணன் பட்ட பாடு பார்க்கச் சகிக்காது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், வெறுமையாகத் திரும்பும். எதிர்க்கடைக்காரர் தூரத்தில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். “பாரு, குனியுறான்” என்றார். “அவர் கால், அவர் செருப்பு” என்றார் மனைவி.

மச்சினன் டயரைச் சுழற்றிப் புகை கிளப்பிச் சூடாக்கினான். கோட்டுக்கு வந்தான். பச்சை விழுந்தது. கார் ஒரு நொடி பின்னால் குந்தியது, மூக்கைத் தூக்கியது, பிறகு நூல் பிடித்த மாதிரி போனது. பல் டாக்டர் முதன்முறையாகத் தன் பல்லைக் காட்டினார். ஒன்று சொத்தை.

மச்சினன் திரும்பி வந்து இறங்கினான். வேர்த்து ஊற்றியது. கையில் இருந்த பாட்டில் தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு, மூடியை அரைகுறையாகத் திருகி, எதுவும் பேசாமல் மாமா பக்கம் நீட்டினான்.

அண்ணன் வாங்கினார். பழக்கத்தில் பாட்டில் காதோரம் போனது. மூடியைத் திருகினார். சத்தம் வரவில்லை. மச்சினன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.