ஓரத்தை வெட்டாத படம்

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு 'ஆதாரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. யார் என்ன சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வெளியே மழை என்று சொன்னால்கூட ஜன்னல் வரைக்கும் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார் என்று கேலி செய்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். "தலைவலின்னு சொன்னா உடனே நெத்தியத் தொட்டுப் பாப்பாரு. பாசம்னு நினைச்சுடாதீங்க, சரிபாக்குறாரு" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இருபத்திரண்டு வருடம் நிருபர் வேலை. அவர் எழுதியதற்கு ஒருமுறைகூட மறுப்பு வெளியிட நேர்ந்ததில்லை. பதவி, கார், பெரிய வீடு எதிலும் ஆசைப்படாத மனிதருக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கர்வம் தலைக்குமேல் இருந்தது. அந்தக் கர்வம்தான் கடைசியில் அவர் காலை வாரியது. அவர் காலை மட்டும் வாரியிருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை.

கட்டி முடித்துப் பதினான்கு மாதமே ஆன குடிநீர்த் தொட்டி ஒன்று, வாளியோடு வரிசையில் நின்றவர்கள் மேல் இடிந்து விழுந்தது. ஒன்பது பேர் செத்துப்போனார்கள். துறை அமைச்சர் வந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், இயற்கையின் சீற்றம் என்றார். அன்று இலை அசையக் காற்று இல்லை. தொட்டியைக் கட்டியவர் அமைச்சரின் மைத்துனர் என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்து என்ன செய்ய?

காயம்பட்டவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நிருபர் ஒரு எழுத்தரைச் சந்தித்தார். பொதுப்பணி அலுவலகத்தின் ஆவண அறையில் வேலை. மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். நாலு மணி நேரம் அவள் உள்ளே படுத்திருக்க, அவர் வெளியே பெஞ்சில் அவளுடைய சிகிச்சைக் காகிதங்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துளை போட்ட இடத்தில் காகிதம் கிழியாமல் இருக்க, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் துணியில் வெட்டிய சின்ன வளையம் ஒட்டியிருந்தது. என்ன நேர்த்தியான மனிதர் என்று நிருபர் நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு சரி.

மூன்றாவது சந்திப்பில் எழுத்தர் தானாகவே வாயைத் திறந்தார். "இடிஞ்ச தொட்டிக்கு ரெண்டு பரிசோதனை அறிக்கை இருக்கு சார். ஒண்ணு கான்கிரீட் நல்லா இருக்குன்னு சொல்லுது. அதுக்கு முன்னாடி வந்தது, இது தாங்காதுன்னு சொல்லுது. அதோட அடியில 'மாற்றி அனுப்பவும்'னு அமைச்சர் கையெழுத்துலயே குறிப்பு இருக்கு."

"ஆதாரம் இருக்காண்ணே?"

"ஃபைல்லயே இருக்கு. கிழிச்சுப் போடச் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு வரல. என் பேரு வெளிய வரக்கூடாது சார். எனக்காகச் சொல்லல. வேலை போனா மருத்துவ அட்டை போயிடும். அட்டை போனா இவ..." சிகிச்சை அறைக் கதவைப் பார்த்தார்.

"என் தலை போனாலும் உங்க பேரு வெளிய போகாதுண்ணே" என்றார் நிருபர். மனதாரத்தான் சொன்னார்.

நகல் எடுக்கும் இயந்திரம் மேலதிகாரியின் அறையில் இருந்ததால், வெள்ளிக்கிழமை எழுத்தர் அசல் தாளையே கொண்டுவந்தார். மனைவி உள்ளே இருக்கும் நாலு மணி நேரம்தான் கெடு. நிருபர் ஓடிப்போய்ப் படம் எடுத்து, அவள் வெளியே வருவதற்குள் தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மறுநாள் காலை அது கோப்பில் பழைய இடத்திலேயே இருந்தது.

செய்தி தயாரானது. படத்தில் வரவு எண்ணை மறைத்தார், தேதி முத்திரையை மறைத்தார், எழுத்தரின் சுருக்கொப்பத்தை மறைத்தார். பக்கம் அமைக்கிறவர், "அண்ணே, இடது ஓரத்த வெட்டிடவா? எழுத்து பெருசாத் தெரியும்" என்று கேட்டார்.

"வேண்டாம். துளை தெரியட்டும். ஃபைல்ல இருந்து வந்த தாள்னு பாக்குறவனுக்குப் புரியணும்."

அவ்வளவுதான். ஒரு விரல் அகலமுள்ள ஓரம்.

புதன்கிழமை ஊரே அதைத்தான் படித்தது. ஆசிரியர் எழுந்துவந்து கட்டிக்கொண்டார். மதியம் அமைச்சர் ராஜினாமா செய்யப்போவதாகப் பேச்சு அடிபட்டபோது, பொதுப்பணி அலுவலகக் கடைநிலை ஊழியர் ஒருவர் நிருபருக்குத் தொலைபேசியில் பேசினார். "சார், உங்க செய்தியால இங்க வளையத்தைப் பிடிச்சுட்டாங்க."

"யாருய்யா அது வளையம்?"

"ஆவண அறை அண்ணன் சார். துளைக்கெல்லாம் துணி வளையம் ஒட்டுறதால ஆபீஸ்ல அப்படித்தான் கூப்பிடுவோம். இந்த உலகத்துலயே அவரு ஒருத்தர்தான் அப்படி ஒட்டுவாரு."

நிருபர் மேசையில் கிடந்த பேப்பரைப் பார்த்தார். முதல் பக்கத்தில், இடது ஓரத்தில், இரண்டு வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன. மருத்துவமனைப் பெஞ்சில் இதே வளையங்களைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

அமைச்சர் அன்று மாலையே பதவி விலகினார். எழுத்தரையும் அன்று மாலையே இடைநீக்கம் செய்தார்கள். அடுத்த வாரம் மருத்துவ அட்டை ரத்தானது. நிருபர் ஆசிரியரிடம் போய் நின்றார், வக்கீலிடம் போய் நின்றார். எழுத்தருக்கு ஆதரவாக ஒரு வரி எழுதினாலும், தாளைக் கொடுத்தது அவர்தான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார் வக்கீல். விசாரணை முடியும்வரை சந்திக்கவே கூடாது என்று எழுத்தரும் சொல்லியனுப்பினார். ஊர்ப்பட்ட அநியாயத்தையெல்லாம் எழுதிய கைக்கு இந்த ஒரு அநியாயத்தை எழுத வழியில்லை. இதற்கிடையில் அவருக்கு ஒரு விருதும் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்து பீரோவுக்கு மேலே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் போட்டார்.

வாரம் இரண்டு முறை நடந்த சிகிச்சை ஒரு முறையானது. ஐந்தாவது மாதம் அவள் இறந்துபோனாள்.

அப்போதும் நிருபருக்குப் போகத் தைரியம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் பிற்பகல், எழுத்தரின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஒற்றை அறையும் சமையலறையும். ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதை அவருக்குத் தள்ளிவிட்டு எழுத்தர் கட்டிலில் உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவியின் சிகிச்சைக் காகிதக் கோப்பு கிடந்தது. கடைசித் தாளான இறப்புச் சான்றிதழிலும் வளையம் ஒட்டியிருந்தது.

"படத்தோட ஓரத்த வெட்ட மறந்துட்டீங்களோன்னு நினைச்சேன் சார்" என்றார் எழுத்தர். குரலில் கோபமே இல்லை.

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். நிருபருக்கு அது வரவில்லை. "மறக்கலண்ணே. வெட்டவான்னு கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன்." சொல்லிவிட்டு அழுதார். ஐம்பது வயது மனிதர், முன்பின் பழகாத ஒரு வீட்டில், சத்தம் போட்டு அழுதார்.

எழுத்தர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடிக்கும்வரை காத்திருந்தார்.

"நானும் ஒண்ணு சொல்றேன். அன்னிக்குக் காலைல பேப்பர முதல்ல பாத்தது அவதான். 'ஐயோ, உங்க வளையம்ங்க'ன்னா. ஆபீஸ் சாவி என்கிட்டதானே. 'முன்னாடியே போய் அந்தத் தாளக் கிழிச்சுடுங்க, அப்புறம் யாராலயும் எதையும் நிரூபிக்க முடியாது'ன்னா. சரின்னுட்டுதான் போனேன். தாளக் கையிலயும் எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"கிழிச்சா நான் தப்பிச்சிருப்பேன். நீங்க போட்டது பொய்னு ஆயிருக்கும். தொட்டி தானா விழுந்துச்சுன்னு ஃபைல மூடியிருப்பாங்க. திரும்ப உள்ள வெச்சு, கயிறு கட்டிட்டு உக்காந்திருந்தேன். பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரிங்க வந்து ஃபைல எடுத்துட்டுப் போனாங்க." வளையத்தின் விளிம்பை நகத்தால் நீவினார். "அவகிட்ட, நான் போறதுக்குள்ள அவங்க வந்துட்டாங்கன்னு சொல்லிட்டேன். கடைசி வரைக்கும் அதைத்தான் நம்பிட்டிருந்தா."

வெளியே யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"பக்கத்து வீட்டுல ஏதோ பேசிக்கிறாங்க சார். நான் இப்ப பேப்பர் வாங்குறதில்ல, டிவியும் போடுறதில்ல. அந்த ஆளு திரும்ப மந்திரி ஆயிட்டாருன்னு சொல்றாங்களே, நிஜமா?"

அன்று காலைதான் பதவியேற்பு நடந்தது. வேறு துறை, அதே மாலைகள், அதே மைத்துனர் முதல் வரிசையில். போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவரே நிருபர்தான். கையால் எழுதிய குறிப்புகள் அவர் பையில் இருந்தன.

எழுத்தர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்காத மனிதர் என்று அவருக்குத் தெரியும்.

"சும்மா கிளப்பி விடுறாங்கண்ணே" என்றார் நிருபர். "அதுக்கெல்லாம் ஒரு ஆதாரமும் இல்ல."

எழுத்தர் பெருமூச்சு விட்டார். "அதானே" என்று சொல்லிக்கொண்டே கோப்பின் கயிற்றை இறுக்கிக் கட்டி அலமாரியில் வைத்தார்.

நிருபர் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.