மாமியாரோடு வேட்டைக்குப் போனேன்

மொட்டை மாடியில், கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் வயிற்றில் ஒரு விரலை அழுத்திப் பிடித்தபடி என் மாமியார் நின்ற கோலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. விரலின் இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சியடித்து அவர் முகத்திலும் மூக்குக் கண்ணாடியிலும் தெறிக்கிறது. மற்ற கையால் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "பாத்துண்டே நிக்காதேங்கோ மாப்பிள்ளை, அடைக்க எதையாவது கொண்டு வாங்கோ" என்கிறார். தொட்டிக்கு முன்னால் பிரம்பு நாற்காலியில் சாய்த்து வைத்த பாஷ்பாலிஷ், அதாவது வங்காளிகள் கட்டிக்கொண்டு தூங்குகிற நீளத் திண்டு, பஞ்சைக் கக்கிக்கொண்டு கிடக்கிறது. நான் வாழ்க்கையில் எய்த முதல் அம்பு திண்டைத் துளைத்து, நாற்காலியைத் துளைத்து, கட்டடம் முழுவதற்குமான தொட்டியில் போய்ச் செருகியிருந்தது. செருகியதை அப்படியே விட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஓடிப்போய்ப் பிடுங்கிய புத்திசாலியும் நான்தான். பயந்திருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

நான் பாலிகஞ்சில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவு அதிகாரி. என் தாத்தா காலத்தில் கல்கத்தா வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக ஃபைலும் பேனாவும்தான். எங்கள் வீட்டில் யாராவது ஆயுதம் ஏந்தியிருக்கிறார்கள் என்றால் அது கொசு பேட். இப்படிப்பட்டவன் நாற்பத்தைந்து வயதில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு வேளையில், கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டேன். எந்த நாட்டுக் காடோ தெரியாது. ஒருவன் வில்லோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். அசையவில்லை. இலை விழுகிறது, அசையவில்லை. தூரத்தில் ஒரு மான் தலை தூக்குகிறது, அவன் மூச்சு நிற்பது எனக்கே கேட்கிறது. அவன் அம்பு விட்டானா இல்லையா என்பதுகூட இன்று நினைவில்லை. தயிர் சாதம் கையில் காய, எனக்கு இது வேண்டும் என்று தோன்றியது. நம் நாட்டில் வேட்டைக்குத் தடை என்பது தெரியும், எதையும் கொல்லும் உத்தேசமும் இல்லை. பின்னே என்னதான் வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கேட்கத்தான் கேட்டார்கள். ஆபீஸில் ஒருவர் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி, "இந்த வயசுல எல்லாரும் கார் வாங்கறா. நீங்களும் அதையே பண்ணித் தொலையக் கூடாதா?" என்றாள். வில் பிடித்த நண்பனோ உறவுக்காரனோ ஒருத்தன் கிடையாது. வில்லைத் தபாலில் வரவழைத்தேன். வீடியோவைப் பார்த்து நானே நாண் பூட்டினேன். மனைவி பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து டாக்குரியா பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். திண்டைக் கொடுத்து உதவியவர் மாமியார். எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்குக் கல்கத்தாவின் லேக் ஏரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஆபீஸ்கள் நெருக்கும் டல்ஹௌஸியில் ஒரு பழைய கம்பெனியில் ஸ்டெனோவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வங்காளம் பேச ஆரம்பித்தால் மீன்காரனே வாயடைத்துப் போவான். வீட்டுத் தமிழ் மட்டும் பாட்டி காலத்துத் தஞ்சாவூர்த் தமிழ், கல்கத்தா காற்றுப் படாமல் அப்படியே இருந்தது. மாமனார் போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அதுவரை மரியாதையைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. காபி ஆச்சா, ஆச்சு, பேப்பர் வேணுமா, வேண்டாம். அவ்வளவுதான். அன்று தொட்டி ஓட்டையை நான் பசை வைத்து அடைத்ததும், கீழ்வீடுகளிலிருந்து ஏறி வந்தவர்களிடம் தொட்டி பழசு, வெயிலில் வெடித்துவிட்டது என்று தேனொழுகும் வங்காளத்தில் சொல்லி அனுப்பினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இதை என் பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டாம்" என்றார். மறுவாரமே, தினமும் நடக்கப் போகிற லேக் ஓரத்தில் வில் வித்தை சொல்லித்தருகிற கிளப் ஒன்றைக் கண்டுபிடித்து, என்னிடம் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

கிளப்பில் என் வயதில் பாதிகூட ஆகாத ஒரு பெண்தான் கோச். என்னைக் காகு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவாள். மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி. "காகு, கனுய்!" என்று மைதானம் அதிரக் கத்துவாள். முழங்கையைத் தூக்கு என்று அர்த்தம். நாண் உரசி முன்கை நீலம் பாரித்தது. தோள்பட்டை ராத்திரி புரளவிடாது. ஆனால் ஏதோ ஒரு காலையில் எல்லாம் கூடி வரும். முதுகு தானாக விரியும், நாண் தாடையில் வந்து ஒட்டும், விரல்கள் எப்போது விட்டன என்பதே தெரியாது. அங்கே 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காக நான் எத்தனை கடன் மனுக்களை வேண்டுமானாலும் படிப்பேன்.

மாமியார் ஒரு வாரம்கூட விட்டதில்லை. பின்னால் பெஞ்சில் ஃப்ளாஸ்க்கும் ஜால்முறி என்கிற காரப்பொரிப் பொட்டலமுமாக உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நாளில் அவருக்கே எல்லாம் பிடிபட்டுவிட்டது. "இன்னிக்கு மூச்சைப் பிடிச்சுண்டே நின்னுட்டேள், அதான் எல்லாம் கீழ போச்சு" என்பார் ஆட்டோவில். கோச் சொன்னதையே சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் எரிச்சலாக வரும்.

கிளப்பில் குளிர்காலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மேற்கே சால் மரக் காட்டோரம் ஒரு தனியார் தோப்பில் முகாம் போடுவார்கள். மரங்களுக்கு நடுவே நுரையால் செய்த மான், பன்றி, காட்டுக்கோழி எல்லாம் ஒளிந்திருக்கும். தூரம் இவ்வளவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாமே பார்த்து, நாமே மதிப்பிட்டு, மிருகத்துக்கு ஒரே ஒரு அம்பு. கேட்டவுடன் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீடியோவில் பார்த்தது இதுதான், கொலை மட்டும் இல்லை. ஆனால் துர்கா பூஜைக்குப் பிறகு நடக்கும் தேர்வில் தேறுகிற சிலரைத்தான் அழைத்துப்போவார்கள். முதல் வருஷம் மயிரிழையில் தவறவிட்டேன். இரண்டாம் வருஷம், தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மும்பைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. புத்தாண்டு பிறந்ததும் அங்கே போய்ச் சேர வேண்டும். மனைவிக்கு வேலை கல்கத்தாவில் என்பதால் நான் மட்டும் கிளம்புவதாக முடிவாயிற்று. இந்தக் குளிர்காலத்தை விட்டால் காடு இல்லை என்று எனக்குப் புரிந்தது. சின்னப் பையன் மாதிரி அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

அதற்கு நடுவில் வந்தது ஆயுத பூஜை. ஊரே துர்கையைப் பார்க்கக் கிளம்ப, எங்கள் வீட்டில் மட்டும் ஸ்கூட்டர் சாவி, மிக்ஸி, லேப்டாப், அரிவாள்மணை எல்லாம் வரிசையாக உட்கார்ந்து சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்ளும். அந்த வருஷம் நட்டநடுவில் வில். "இத்தனை வருஷமா மிக்ஸியை வெச்சு ஆயுத பூஜை பண்ணினோம். இப்பத்தான் வீட்ல நெஜமாவே ஒரு ஆயுதம் இருக்கு" என்று மாமியாருக்குத் தாங்கமுடியாத பெருமை. வில்லுக்குப் பொட்டு, அம்பறாத்தூணிக்குப் பொட்டு. அப்புறம் அம்புகள். அவை தூணியில் கூர்முனை கீழே, இறகு மேலே என்று நின்றன. மேலே தெரிவதுதானே தலை? தலையில்தானே நெற்றி? ஒவ்வொரு அம்பின் உச்சியிலும் மோதிர விரலால் சந்தனத்தை அழுத்தி, அதன்மேல் குங்குமம் வைத்தார். நான் கைகூப்பிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அந்த உச்சியில்தான் நாணில் மாட்டுகிற பிளவு இருக்கிறது என்று இரண்டு வருஷம் கற்றவனுக்கு உறைக்கவில்லை. மறுநாள் விஜயதசமிக்கு எல்லாவற்றையும் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்தேன். மைதானத்தில் பூஜைப் பந்தல் இருந்ததால் தேர்வு நாள்வரை பயிற்சி கிடையாது. சந்தனம் நிதானமாகக் காய்ந்தது.

தேர்வன்று எய்கிற கோட்டில் நின்று முதல் அம்பை மாட்டினேன். வழக்கமாகக் கேட்கும் சின்ன 'கிளிக்' கேட்கவில்லை. பதற்றத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதி இழுத்தபோது அம்பு நாணை விட்டு நழுவிக் காலடியில் விழுந்தது. கோட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தால் எய்ததாகக் கணக்கில்லை, அது ஒரு புண்ணியம். அடுத்ததை எடுத்தேன். அதுவும் அதே மாதிரி. இலக்கில் மற்றவர்களின் 'டப்', 'டப்' கேட்கிறது, நான் மூன்றாவதை உருவுகிறேன். கோச் வந்து அம்பின் பின்பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். விரலால் தேய்த்தாள். முகர்ந்தாள். "காகு," என்றாள், எனக்கு இன்றும் மறக்காத குரலில், "இது சந்தனமா?"

பெஞ்சிலிருந்து மாமியார் எழுந்துவிட்டார். ஒரு பார்வையில் அவருக்குப் புரிந்துபோயிற்று. என்னைத் திட்டவும் இல்லை, தன்னை நொந்துகொள்ளவும் இல்லை. வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினார். "நேரம் ஓடறது. கொண்டாங்கோ இப்படி" என்று அம்புகளைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஊக்கு முனையால் பிளவுகளைச் சுரண்ட ஆரம்பித்தார். கோச்சைப் பார்த்து வங்காளத்தில், "நீ கடிகாரத்தைப் பாரும்மா, என்னைப் பார்க்காதே" என்றார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் சுரண்டிக் கொடுக்கக் கொடுக்க நான் ஓடிப்போய்க் கோட்டில் நின்று எய்தேன். யோசிக்க நேரமே இல்லை. இரண்டு வருஷத்தில் நான் அவ்வளவு நன்றாக எய்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். கடைசி அம்பு இலக்கின் மஞ்சள் வட்டத்துக்கும் சிவப்பு வட்டத்துக்கும் நடுக்கோட்டில் போய் நின்றது. கோச் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். கோட்டைத் தொட்டிருந்தால் கூடுதல் மதிப்பெண், இல்லாவிட்டால் நான் வெளியே. தொட்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சந்தனம் வெச்ச அம்பாக்கும்" என்றார் மாமியார், ஊக்கை மறுபடி வளையலில் மாட்டிக்கொண்டே. கோச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகாமுக்கு மாஷிமாவும், அதாவது இந்தப் பெரியம்மாவும், வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

இதை மும்பையில், கடல் தெரியும் என்று சொல்லிக் கொடுத்த, கடல் தெரியாத வங்கிக் குடியிருப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்து உலர்த்திவிட்டால் அப்புறம் பொழுதே போகாது. அந்த மாதிரி நாட்களில் கண்ணை மூடினால் சால் காட்டின் அந்தக் காலை வந்துவிடுகிறது.

பனி விலகாத நேரம். புடவைமேல் என் பழைய ஸ்வெட்டர், காதை மூடிய மப்ளர், கையில் கையுறை, காலில் கான்வாஸ் ஷூ என்று மாமியார் எனக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்தார். சருகில் எப்படிக் கால் வைப்பது என்று அவருக்கு யார் சொன்னார்களோ. ஒரு திருப்பத்தில் என் தோளைத் தொட்டு, கண்ணாலேயே காட்டினார். புதருக்குப் பின்னால் மான். வில்லைத் தூக்கினேன். நாண் தாடையில் ஒட்டியது. அந்த மூச்சில் அது நுரை என்பது எனக்கு மறந்தே போயிற்று. அது ஓடிவிடுமோ என்று பயந்தேன். அடிக்க வேண்டும் என்று உடம்பு முழுக்க இருந்தது. வெட்கமே இல்லாமல் இருந்தது. விரல் விட்டது. முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சில், சரியாகப் போய்த் தைத்தது.

மாமியார் கொஞ்சநேரம் மானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நெஜ மானா இருந்தா விட்டிருப்பேளா?"

"சட்டத்துல இடமில்லையேம்மா."

"சட்டத்தையா கேட்டேன்? உங்களைக் கேக்கறேன்."

பொய் சொல்ல வரவில்லை. "தெரியலை" என்றேன். "அந்த நிமிஷத்துல விட்டிருப்பேன் போல இருக்கு." அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தலையை மெல்ல ஆட்டினார். கையுறையைக் கழற்றி ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு, வில்லுக்காகக் கையை நீட்டினார்.

"இது உங்களுக்குக் கனம்மா. இழுக்க வராது."

"காது பக்கம்தான் வராது. மூக்கு வரைக்கும் வரும்" என்றார். "நீங்க ஆபீஸ் போனப்பறம் நான் இதை எடுத்து இழுத்துப் பாக்காத நாளே இல்லை."

நான் வில்லையும் ஒரு அம்பையும் கொடுக்க, முழங்கையை உயர்த்தி இழுத்தார். மூக்கு வரை வந்தது. அம்பு மானுக்கு முன்னால் சருகில் குத்திக்கொண்டது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மானின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், "அடுத்ததைக் கொடுங்கோ" என்றார்.