உரசிக்கொண்டு போன கல்

அந்தச் செய்தியை என் மாமியாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னது நான்தான். அதனால் பிறகு நடந்ததற்கெல்லாம் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது, மார்ச் தொடக்கம். கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸின் முதல் மாடியில் குடியிருந்தோம். கணவருக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. நான் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, அப்போது பிரசவ விடுப்பில் இருந்தேன். வயிற்றில் எட்டு மாதம். அதற்கு முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. முதலாவது ஐந்தாம் மாதத்தில் போனது, இரண்டாவது மூன்றாம் மாதத்தில். இந்தத் தடவை என்னைத் தனியாக விடக்கூடாது என்று திருநெல்வேலியிலிருந்து மாமியார் ஜனவரியிலேயே வந்துவிட்டார். அவருக்கு வங்காளியும் தெரியாது, இந்தியும் தெரியாது. தொலைக்காட்சியில் யார் என்ன சொன்னாலும், "என்னம்மா சொல்லுதாவ?" என்று என் முகத்தைப் பார்ப்பார். பிறந்து வளர்ந்ததெல்லாம் கரக்பூர் ரயில்வே காலனியில் என்பதால் எனக்குத் தமிழைவிட வங்காளி சரளம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வங்காளிச் சேனலில் அந்தச் செய்தி வந்தது. விண்வெளியிலிருந்து ஒரு கல் வருகிறது, பத்து மாடிக் கட்டடம் அளவு. அதைக் கண்டுபிடித்தே இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது. நாளை இரவு ஏழே காலுக்குப் பூமியை நெருங்கும். மோதாது, நிலா இருக்கும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் விலகிப் போய்விடும். இவ்வளவுதான் செய்தி. ஆனால் அதோடு ஒரு படம் காட்டினார்கள். தீப்பிடித்த பாறை ஒன்று பூமி உருண்டையின் மேல் விழுவது போலவும் கடல் கொதிப்பது போலவும் படம். பின்னணியில் தம் தம்மென்று முழக்கம். செய்தி வாசித்த பெண், கல் பூமியின் 'கா கேஷே' போகும் என்று மூன்று தடவை சொன்னாள். மிகப் பக்கத்தில் போகும் என்பதற்கு வங்காளிகள் சாதாரணமாகச் சொல்வது அது. நான் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினேன்.

"பூமி மேல உரசிக்கிட்டுப் போகுமாம் அத்தை."

அவர் கையிலிருந்த கீரைக் கட்டைக் கீழே வைத்தார். "உரசிக்கிட்டா?"

"மோதாதாம். சும்மா பக்கத்துல..."

"உரசிக்கிட்டுப் போறதுக்கும் மோதறதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

அவர் உடனே ஊரில் இருந்த தன் தங்கைக்குப் போன் போட்டார். தங்கை தெருக்கோடி ஜோசியரிடம் போய்க் கேட்டுவிட்டு அரை மணியில் திரும்பக் கூப்பிட்டாள். வானத்தில் முறை தப்பி வருவது எதுவாக இருந்தாலும் கிரகணத்துக்குச் சமானம், மாசமாயிருக்கிற பெண் உச்சிப்பொழுதிலிருந்து கல் கடந்து போகிறவரை வாசலைத் தாண்டக்கூடாது, சாப்பிடக்கூடாது, கத்தி அரிவாள்மணை தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது.

கணவர் சிரித்தார். திங்கட்கிழமை விடிகாலையில் அவர் லைன் வேலையாகக் கரக்பூருக்குப் போக வேண்டியிருந்தது. "ஒரு நாள்தானே. அம்மா சொல்றபடி இருந்துட்டுப் போயேன்" என்றார்.

நான் அவரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. எனக்கே அந்த உத்தரவு நிம்மதியாக இருந்தது. முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது ஒரு சாயங்காலம் சூரிய கிரகணம். நான் அலுவலகத்திலிருந்து மினிபஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் அது போய்விட்டது. மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் ஒரு உறவுக்காரி, கிரகணத்தில் வெளியே சுற்றினதால்தான் என்று கல்யாண வீட்டில் என் காதுபடவே சொன்னாள். எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று படம் போட்டு விளக்கியிருந்தார். நானும் படித்தவள், புரிந்துகொண்டேன். பயம் மட்டும் போகவில்லை. அந்த மினிபஸ் ஜன்னலில் விழுந்த மங்கலான வெயில் கனவில் வரும்.

திங்கள் காலை மாமியார் ஜன்னல்களை எல்லாம் சாத்தினார். வென்டிலேட்டர் துளைகளில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தார். மின்விசிறி சூட்டைக் கிளறிக்கொண்டு சுற்றியது. நான் கட்டிலில் படுத்திருந்தேன். ஒன்பது மணி சுமாருக்கு, இட்லி சாப்பிட்ட பிறகு, ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றியது. தெருவில் விடாமல் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றுபோனால் சட்டென்று தெரியுமே, அந்த மாதிரி. குழந்தை காலைப் பலகாரத்துக்குப் பிறகு எப்போதும் இடது விலாவுக்குக் கீழே உதைக்கும். அன்றைக்கு உதைக்கவில்லை.

தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். பத்து மணிக்கும் தூங்குகிறது என்றே நினைத்தேன். பதினொன்றுக்கு எழுந்து சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன், இடதுபுறம் திரும்பிப் படுத்தேன், வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தினால் பதிலுக்கு ஒரு முட்டு வரும். வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மாமியார் வாசல் கதவைத் தாழிட்டு, "இனிமே ஏழே கால் வரைக்கும் அசையாத, கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் ஒரு கை தூரத்தில் இருந்தார். போன் தலையணைக்கு அடியில் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். இன்னொன்று, கிரகணத்தில் வெளியே போய் ஒன்றை இழந்தவள் நான். இப்போது கல் வருகிற நேரத்தில் வெளியே போய் இதையும் இழந்தால் பிறகு யார் முகத்தில் விழிப்பது? ஏழே கால் ஆகட்டும், கல் போனதும் குழந்தை அசையும் என்று நம்ப ஆரம்பித்தேன். இப்போது எழுதும்போது அசட்டுத்தனமாக இருக்கிறது. இருட்டாக்கிய அந்த அறையில் அப்படித் தோன்றவில்லை. வானத்தில் எங்கோ அந்தக் கல் என் வயிற்றைக் குறி வைத்து வந்துகொண்டிருப்பதாகவும், நான் மூச்சுவிடாமல் கிடந்தால் அது எங்களைக் கவனிக்காமல் போய்விடும் என்றும் தோன்றியது.

மணி ஐந்து ஆகும்போது கீழ்வீட்டு பௌதி கதவைத் தட்டினாள். அந்த வங்காளிப் பெண்ணை நான் அண்ணி முறை வைத்துத்தான் கூப்பிடுவேன். நான் பட்டினி கிடக்கிறேன் என்று தெரிந்து ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்திருந்தாள். மாமியார் அவளை உள்ளே விட்டு மறுபடி தாழிட்டு, பாயசத்தை வாங்கி மூடி வைத்தார். பௌதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று வங்காளியில் கேட்டாள். அந்த மொழியில் கேட்டதாலோ என்னவோ எனக்கு வாய் திறந்துவிட்டது. "குழந்தை அசையவில்லை" என்றேன். மாமியாருக்குப் புரியாத மொழியில்தான் அதை முதலில் சொன்னேன்.

பௌதி என் போனை எடுத்து என் கையில் திணித்தாள். டாக்டரம்மா இரண்டாவது மணியில் எடுத்தார். நான் பாதி சொல்வதற்குள், "எகுனி சோலே ஆஷுன்" என்றார். இந்தக் கணமே கிளம்பி வா.

"என்னம்மா? என்ன சொல்லுதா?" மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளை அசையலை அத்தை. உடனே வரச் சொல்றாங்க."

"எப்ப இருந்து?"

"காலைல இருந்து."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே கால். வேண்டாம் என்று சொல்லப்போகிறார், இன்னும் இரண்டு மணி நேரம் பொறு என்பார் என்று நினைத்தேன். அவர் என் வயிற்றில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இதை இவ்வளவு நேரம் உள்ளயே வச்சிக்கிட்டா கிடந்த?" என்றார். அப்புறம் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். "எந்திரி. கல்லு வந்தா வரட்டும்."

ஆனால் பயம் அவரை விட்டுவிடவில்லை. படியிறங்கும்போது ஒரு கறுப்புக் குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். வெயில் அடங்கியிருந்தது, தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். குடைக்கு உள்ளே ஏதோ சுலோகத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பௌதி முன்னால் ஓடி ஒரு மஞ்சள் டாக்ஸியை மறித்து நிறுத்தினாள்.

நர்சிங் ஹோம் கரியாஹாட் பக்கம். கிதிர்பூர் வரை போவதற்குள் டாக்ஸி நின்றுவிட்டது. கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் போவதற்காகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் லாரிகள், பின்னால் பஸ்கள். சாலையே செங்குத்தாக எழுந்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கப்பலின் துருப்பிடித்த பக்கவாட்டு நகர்கிறதா இல்லையா என்று தெரியாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அசைம்மா, ஒரே ஒரு தடவை அசைம்மா" என்று சத்தமாகவே கெஞ்சினேன். மாமியார் ஜன்னல் வழியாக அண்ணாந்து வானத்தைப் பார்த்தார், உடனே பார்க்கக்கூடாததைப் பார்த்தவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். பாலம் இறங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அலிப்பூர் தாண்டும்போது தெருவிளக்குகள் எரிந்துவிட்டன. டிரைவர் பீகார்க்காரர், வயதானவர். ஒன்றும் கேட்காமல் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார்.

உள்ளே படுக்க வைத்து, வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை வைத்தார்கள். இரைச்சல் வந்தது, என் ரத்தம் ஓடுகிற சத்தம் என்றாள் நர்ஸ். டாக்டரம்மா கருவியை நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார். சுவரில் மணி ஏழு தாண்டியிருந்தது. பெரிய முள்ளைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். பிறகு வெகு தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு.

"இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனால் ரொம்பத் தளர்ந்திருக்கு." தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டியபடியே, "கொகோன் தேகே?" என்று கேட்டார். எப்போதிலிருந்து அசையவில்லை?

"துபுர் தேகே" என்றேன். மத்தியானத்திலிருந்து.

அந்தப் பொய் ஏன் வந்தது என்று தெரியவில்லை. காலையிலிருந்து என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மாமியார் என் தலைமாட்டில் நின்றிருந்தார். இரண்டு மாதத்தில் அவருக்கும் நாலைந்து வங்காளிச் சொற்கள் பழகியிருந்தன. தெருவில் மீன்காரன், பால்காரன் எல்லாரும் சொல்கிற சொல்தானே துபுர். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

எட்டு மணிக்குள் பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. ஒன்றே முக்கால் கிலோ. முதலில் அழவில்லை, தட்டி, குழாய் வைத்து, அதன் பிறகுதான் பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல் கேட்டதாம். நான் கேட்கவில்லை, மயக்கத்தில் இருந்தேன். கணவர் கரக்பூரிலிருந்து லோக்கல் பிடித்து வந்து சேர்ந்தபோது குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்தார்கள். கல் அதற்குள் எங்கள் பூமியைக் கடந்து வெகு தூரம் போயிருக்கும். மறுநாள் செய்தித்தாளில் ஒரு விரல் நீளத்துக்கு அதைப் பற்றிப் போட்டிருந்தார்கள் என்று பௌதி சொன்னாள். நான் படிக்கவில்லை.

பத்தொன்பது நாள் குழந்தை பெட்டியில் இருந்தது. இடையில் ஒருநாள் ஊரிலிருந்து மாமியாரின் தங்கை போனில் கூப்பிட்டு, அன்றைக்கு வெளியே போனதால்தான் பிள்ளை இப்படி வற்றலாகப் பிறந்தது என்று சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் பேசியது எனக்குக் கேட்டது. "போகலைன்னா வற்றலும் இல்லட்டி. போனை வையி." அதன் பிறகு வெகுநாள் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

நான் மௌனமாகக் கிடந்த எட்டு மணி நேரத்தைப் பற்றிக் கணவரிடம் சொன்னதில்லை. மாமியாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், அது மட்டும்தான்.

இருபதாம் நாள் மத்தியானம் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கட்டிலின் நடுவில் போட்டதும் தூங்கிவிட்டது. அசைவே இல்லாத தூக்கம். நான் ஒரு பக்கமும் மாமியார் மறுபக்கமும் உட்கார்ந்து அதன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சமைத்தது ஆறிப்போயிற்று. யாரும் எழுந்து போகவில்லை. பௌதி மேலே வந்து, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மாமியாரை அவள் சித்தி முறை வைத்து மாஷிமா என்பாள். "மாஷிமா, இப்படி உத்துப் பார்த்தா அது எப்படித் தூங்கும்?" என்றாள். நான் அதைத் தமிழில் சொல்லவில்லை, மாமியாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவளும் கால்மாட்டில் உட்கார்ந்து குழந்தையின் நெஞ்சைப் பார்க்க ஆரம்பித்தாள்.