மூன்று பேருக்கு ஒரு வாய்

எங்கள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவருக்கு மடிப்பு என்று பெயர் வைத்தது நான்தான். கடையில் உருப்படியாக எது இருந்தாலும் அது என் மூளையில் உதித்ததாகத்தான் இருக்கும். இதைத் தற்பெருமை என்பாள் என் மனைவி. சொல்லிக்கொள்ளட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பாஷை தெரியாத தேசத்துக்கு வந்து, ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் துவைத்தே சொந்தமாகக் கொதிகலன் வாங்கினேன். பெருமை பேசாமல் இருந்தால்தான் அது பொய்.

பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். பல் டாக்டரிடம் போவதற்கு ஆசைப்பட்ட ஒரு மனிதரைப் பற்றி யாரும் எழுதியதாக நான் கேள்விப்படவில்லை. அதனால் இந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

மடிப்பு மெலிந்த ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மனைவியும் இரண்டு பெண்களும் ஊரில். காலையில் வந்து நீராவி மேஜைக்கு முன்னால் நின்றால், ஓட்டல் துணிகளோடு எங்கள் வேன் கிளம்புகிறவரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். முதலில் காலர், பிறகு கைப்பட்டி, பிறகு கை, கடைசியில் முதுகு. மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும்போது துடைத்துக்கொள்வார், அதுதான் அவருக்கு ஓய்வு. எங்கள் கடையில் உட்கார நாற்காலி கிடையாது. உட்கார்ந்து துவைத்தவன் எவனும் கொதிகலன் வாங்கியதில்லை என்பது என் கொள்கை.

இனி பல் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்களுக்குப் பல் என்று ஒன்று இருப்பதே கன்னம் வீங்கினால்தான் ஞாபகம் வரும். இந்த ஊர் வழக்கம் நேர்மாறு. வலித்தாலும் வலிக்காவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வாயைக் காட்ட வேண்டும். போனவுடனே அடுத்த ஆறு மாதத்துக்கான நாளைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அந்த நாளுக்கு இரண்டு தடவை வராமல் இருந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். மறுபடி பெயர் சேர்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒழுங்காக வருகிறவருக்கு ஒரு சலுகை உண்டு. நடுவில் வலி வந்தால் அன்றைக்கே பார்ப்பார்கள்.

கடைக்கு மேல்மாடியில் தங்கியிருக்கும் எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் நானே முன்னால் நின்று பெயர் கொடுத்தேன். ஒருவரைத் தவிர அத்தனை பேரின் பெயரும் இரண்டே வருஷத்தில் அடிபட்டுப் போயிற்று.

"வலிக்காத பல்லக் காட்டி என்னண்ணே செய்யறது?" என்றார் வேன் ஓட்டுகிறவர். "தூங்கிட்டு இருக்கிறதத் தட்டி எழுப்பவா?"

அவர் தன் பல்வலியையெல்லாம் லீவுக்கு என்று சேர்த்து வைப்பவர். போன தடவை ஊருக்குப் போய்விட்டு வந்ததும், "எப்படிய்யா இருந்துச்சு ஊரு?" என்று கேட்டேன். "எங்கண்ணே ஊரப் பாத்தேன். லீவு முழுக்க மல்லாந்து படுத்து டாக்டர் வீட்டு மோட்டுவளையத்தான் பாத்தேன்" என்றார்.

என் பெயரை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். என் வாயில் இருப்பதெல்லாம் நானே சம்பாதித்து வாங்கிய பற்கள். பரம்பரையாக வந்தது ஒன்றுகூடக் கிடையாது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டால் காலை வரை அவையும் நிம்மதி, நானும் நிம்மதி.

அடிபடாத ஒரே பெயர் மடிப்பினுடையது. ஒரு நாள்கூட அவர் தவறவில்லை. அந்த நாள் வந்தால் முகச்சவரம் செய்து, தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி கிளம்புவார். ஏன் என்று முதல் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் டாக்டர் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல நான்தான் கூடப் போனேன். இந்த ஊர்ப் பாஷையைப் பள்ளிக்கூட வாசற்படி மிதிக்காமல் கற்றவன் நான். எழுத்து ஒன்றும் தெரியாது, ஆனால் பேச ஆரம்பித்தால் எதிராளி நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவான்.

டாக்டர் அறையில் இருந்த நாற்காலியில் மடிப்பு உட்கார்ந்தார். அது தானாகச் சாய்ந்து, தானாகக் கால் பக்கம் உயர்ந்தது. ஒரு பெண் வந்து கழுத்தில் துணி கட்டினாள். குளுகுளு அறை. டாக்டர் குனிந்து ஏதோ கேட்டார்.

"என்னண்ணே கேக்கிறாங்க?"

"வசதியா இருக்கான்னு கேக்கிறாங்க."

மடிப்பு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "இருக்குன்னு சொல்லுங்க. நேரம் ஆனாலும் பரவாயில்ல, மெதுவாவே பாக்கட்டும்னு சொல்லுங்க" என்றார். வாயைத் திறந்தபடியே தூங்கியும் போனார். பல்லைச் சுத்தம் செய்கிற மெஷின் உள்ளே கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது, இவர் குறட்டையோடு அதற்கு ஒத்து ஊதிக்கொண்டிருந்தார். வாயில் முப்பத்திரண்டும் முத்து. டாக்டர் பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டு, கண்காட்சிக்கு வைத்த பொருள் மாதிரி காட்டினார்.

அன்றிலிருந்து மடிப்புக்கு வருஷத்தில் இரண்டு நாள் திருநாள்.

ஒழுங்கான பெயர் ஒன்று கையில் இருந்தால் அதை வீணாக்குகிறவன் வியாபாரி இல்லை. எங்கள் சமையல்காரருக்கு ஒரு நாள் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் வலித்து, சோற்றை வடிக்காமலே இறக்கிவைத்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மடிப்பின் பெயரைச் சொன்னேன். உடனே வரச் சொன்னார்கள். மடிப்பின் ஆஸ்பத்திரி அட்டையைக் கொடுத்து சமையல்காரரை அனுப்பினேன். அட்டையில் படம் இருக்கிறதே என்று அவர் பயந்தார்.

"உன் மூஞ்சிய யாருய்யா பாக்கப்போறா? அவங்களுக்கு நாம எல்லாரும் ஒரே மூஞ்சிதான்" என்றேன்.

அப்படியே ஆயிற்று. பல்லைப் பிடுங்கிவிட்டு, வாயில் பஞ்சும் முகத்தில் சிரிப்புமாக வந்து சேர்ந்தார். அடுத்த மாதம் வேன்காரர் அதே அட்டையோடு போய் மேல்வரிசையில் இரண்டு பல்லை அடைத்துக்கொண்டு வந்தார். மடிப்பு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என் நாள்ல மட்டும் கை வைக்க மாட்டீங்கல்ல?" வைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம்.

ஒரு நாள் ஓட்டல் மேனேஜரின் வெள்ளைக் கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்தது. மடிப்பின் கையில் துணி கருகியது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நானே கோட்டை மோந்து பார்த்துத்தான் நம்பினேன். கல்லாவில் இருந்த என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ரெண்டு நாளா பாக்கறேன். தலைய ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டே நிக்கிறாரு, தோள்ல போன இடுக்கிட்டுப் பேசற மாதிரி. போனக் காணோம்."

மடிப்பைப் பிடித்துக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். கன்னத்தைத் தொடப் போனேன், துள்ளி விலகினார்.

"பல்லாய்யா?"

"ஆமாண்ணே."

"அதுக்கு ஏன்யா ஒளிக்கிற? உன் பேருதானே, போன் போட்டா இன்னைக்கே பாப்பாங்க."

அவர் சமையல்காரரைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். சமையல்காரர் திறந்தார். பிறகு மடிப்பு தன் வாயைத் திறந்து, வலிக்கிற பல்லை விரலால் காட்டினார். சமையல்காரர் வாயில் எந்த இடத்தில் பொக்கையோ, அதே பக்கம், அதே வரிசை, அதே பல்.

"இந்தப் பல்லப் புடுங்கியாச்சுன்னு எம் பேருல எழுதியிருப்பாங்கண்ணே" என்றார் மடிப்பு. "இல்லாத பல்லு எப்படி வலிக்கும்?"

எடுத்த போனைக் கீழே வைத்தேன்.

மேல்மாடியில் கூட்டம் கூடினோம். லீவுக்கு இன்னும் வெகுநாள் இருந்தது. வேறு பெயரில் போகலாம் என்றால் உயிரோடு இருக்கிற பெயர் வேறு ஒன்றும் இல்லை. தனியார் டாக்டர் ஒருவர் உண்டு, அவர் கதவைத் திறப்பதற்கே ஒரு மாதச் சம்பளம் கேட்பார்.

"உண்மையச் சொன்னா என்ன ஆகும்?" என்றாள் என் மனைவி.

"பேர அடிச்சிடுவாங்க" என்றேன்.

"அப்போ ஒண்ணு பல்லு போகணும், இல்ல பேரு போகணும்."

"பல்லு போகட்டும் அண்ணி" என்றார் மடிப்பு சட்டென்று. "இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு. பேரு போச்சுன்னா அந்த நாற்காலி போயிடும்."

வேன்காரர் சிரித்தார். "நாற்காலியா? யோவ், அவனவன் அதப் பாத்து ஒண்ணுக்குப் போறான், இவரு அதுக்கு உயிர விடறாரு."

"நீ வண்டியில உக்காந்துட்டே போறவன். உனக்குப் புரியாது" என்றார் மடிப்பு.

ராத்திரியில் முனகல் கேட்டதாகச் சமையல்காரர் வந்து சொன்னார். காலையில் பார்த்தால் கன்னம் ஒரு பன் அளவுக்கு இருந்தது. இனி யாரையும் கேட்பதில்லை என்று போன் போட்டுவிட்டு மடிப்பை வண்டியில் ஏற்றினேன். டாக்டர் என்ன கேட்டாலும் நான் சமாளிப்பேன் என்று தைரியம் சொன்னேன். சுங்க அதிகாரிகளையே சமாளித்தவன் நான்.

அன்றைக்கு இருந்தது நரைத்த முடியோடு ஒரு டாக்டர் அம்மாள். திரையில் எதையோ பார்த்தார். மடிப்பின் வாயைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இந்தப் பல்லை நான்தானே பிடுங்கினேன்" என்றார் அவர் பாஷையில்.

"எங்க ஆட்களுக்கு உடம்பு வாகு அப்படி. திரும்ப முளைச்சிடும்" என்றேன் நான்.

"அப்படியா? மேலே ரெண்டு பல்லை அடைச்சிருந்தோம். அந்த அடைப்பும் ஆறிப் போச்சா?"

"நல்ல வைத்தியம் பண்ணியிருக்கீங்க" என்றேன்.

அந்த அம்மாள் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மடிப்பு நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே, உண்மையச் சொல்லிடுங்க."

"சும்மா இருய்யா. பேர அடிச்சிடுவாங்க."

"அடிக்கட்டும். இப்படி வாயத் தொறந்துட்டுப் படுத்திருக்கும்போது பொய் சொல்றது ஒரு மாதிரியா இருக்குண்ணே. உள்ள எல்லாந்தான் தெரியுதே."

சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் எதையும் சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. "நாங்கள் சலவைக்காரர்கள், அம்மா" என்று தொடங்கினேன். "ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு அடையாளத் துண்டு குத்துவோம். இந்த விஷயத்தில் மூன்று பேர் சட்டைக்கு ஒரே துண்டைக் குத்திவிட்டோம். கிழிந்தது வேறு சட்டை, தைத்தது வேறு சட்டை. இது மட்டும் இந்த ஆளுடைய சொந்தச் சட்டை."

அவர் அரைமணி நேரம் திட்டினார். ஆள் மாறி மயக்க ஊசி போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார், ஒருவனுடைய நோயும் மருந்தும் இன்னொருவன் தலையில் எழுதப்பட்டுவிடும் என்றார். நான் அதில் பாதியைத்தான் மடிப்புக்குச் சொன்னேன். பிறகு புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். எக்ஸ்ரே எடுத்தார். வேருக்குள் சீழ். பிடுங்க வேண்டாம், வேரைச் சுத்தம் செய்து காப்பாற்றலாம் என்றார். மூன்று தடவை வரச் சொன்னார். மூன்று தடவை என்று நான் சொன்னதும் மடிப்பின் வீங்காத கன்னம் மலர்ந்தது.

மூன்றாவது தடவை பல் சரியாயிற்று. அன்றைக்கு அந்த அம்மாள் தன் தீர்ப்பையும் சொன்னார். பெயர் யாருடையதும் அடிபடாது. சமையல்காரரையும் வேன்காரரையும் அவரவர் பெயரிலேயே புதிதாகச் சேர்த்துக்கொள்வார். பிடுங்கியது, அடைத்தது எல்லாம் உரியவர் கணக்குக்கு மாறும். அவர்கள் வாய் இருக்கிற நிலைமைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் அவரே கடைக்கு வந்து கூட்டிப்போவார்.

"இவருக்கு?" என்று கேட்டேன்.

"இவர் வாய் அருமையான வாய். இந்த ஒரு பல்தான், அதுவும் சரியாயிடுச்சு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து என் நேரத்தை வீணாக்க வேண்டாம். ரெண்டு வருஷம் கழிச்சு வந்தால் போதும்."

நான் சொன்னேன். மடிப்பு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"அண்ணே, சரியாக் கேட்டீங்களா? ரெண்டு மாசமா, ரெண்டு வருஷமா?"

"வருஷம்யா."

"நான் ஒழுங்காப் பல்லு வெளக்கறவன்னு சொல்லாதீங்கண்ணே. வெளக்கறதில்லன்னு சொல்லுங்க."

அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. அந்த அம்மாள் மேஜைப் பக்கம் திரும்பிவிட்டிருந்தார், நாற்காலியும் தானாக நிமிர ஆரம்பித்துவிட்டது.

கடையில் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். என் கொள்கையை நான் வளைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மடிப்பு அதில் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கி வைக்கிறார். "இதுல படுத்தா நீங்க வந்து வேலையாச்சான்னு கேப்பீங்க. வசதியா இருக்கான்னு கேப்பீங்களா?" என்று என் மனைவி காதில் விழும்படி என்னிடம் சொன்னார். அவள் கல்லாவில் சாய்ந்து வெகுநேரம் சிரித்தாள்.

போன வாரம் சமையல்காரருக்கு முறை வந்தது. காலையில் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டார். மத்தியானம் தன் புது அட்டையோடு நீராவி மேஜைக்கு வந்து நின்றார்.

"மடிப்பு, நீ வேணா எனக்குப் பதிலா போய்ப் படுத்துட்டு வாயேன். உனக்குப் பிடிச்ச எடந்தானே."

மடிப்பு இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார், படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து என்னிடம் காட்டினார். நான் தலையாட்டினேன், முகம் பொருந்தத்தான் செய்தது. பிறகு நாக்கால் பற்களை ஒரு சுற்றுத் தடவிக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"முடியாதுப்பா. என் வாயில எல்லாம் இருக்கே."