பொடி டப்பாவில் ஏழு ஊசி

போன வாரம் என் மகள் கூடத்தில் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் சில சாமான்களைப் பரப்பி வைத்திருந்தாள். கல்லூரியில் மலைக்காட்டுக்கு முகாம் கூட்டிப் போகிறார்களாம். வழி தவறினால் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கிற மாதிரி, சட்டைப்பைக்குள் அடங்குகிற ஒரு டப்பாவை ஒவ்வொருவரும் தயார் செய்து வரவேண்டுமாம். தூண்டில் நரம்பு, முள், ஈயக் குண்டு, தீக்குச்சி, பிளேடு, மெழுகுவர்த்தித் துண்டு. முள் துருப்பிடிக்காமல் இருக்க மெழுகை உருக்கி அதில் குத்தி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை என் மூக்கில் ஏறியது.

"மெழுகுல குத்தாதம்மா" என்றேன்.

"ஏம்ப்பா? இன்னா ஆயிடும்?"

இன்னா ஆயிடும் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நேரில் பேசுவது எனக்கு எப்போதுமே கஷ்டம். எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளில் நாங்கள் செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்தோம். நைனாவுக்கு மளிகைக் கடை. சித்தப்பாவும் அதே கடையில்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு. சுத்த சைவம். கருவாட்டு மூட்டை ஏற்றிய வண்டி தெருவில் நின்றாலே அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுவாள்.

அம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவளுக்குச் சந்தேகப்படுவது ஒரு வீட்டு வேலை மாதிரி. காலையில் கோலம் போடுகிறபோதே ஆரம்பித்துவிடுவாள். வாசலில் எலுமிச்சம்பழத் தோல் கிடந்தால், யார் வீசியது, எதற்காக நம் வாசலில், போன அமாவாசைக்குக் கிடந்ததா என்று விசாரணை நடக்கும். நைனா மட்டும் குறைச்சலா? பருப்பு மூட்டையைப் பிரித்ததும் கையை அடிவரைக்கும் விட்டுப் பார்ப்பார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு பாடம் கோட்டை விட்டவன் நான். கடைக்கு லாயக்கில்லை, வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கமாட்டேன் என்று நைனா முடிவு கட்டி, நிலம் அளக்கிற சர்வே கோஷ்டியில் சங்கிலி பிடிக்கிற வேலைக்கு அனுப்பிவிட்டார். சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். பேசவேண்டியது இல்லை. எனக்கென்றே செய்த வேலை.

மறுமுனையைப் பிடிப்பவன் கன்னியப்பன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவன். அவன் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம், எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. பொங்கலுக்குப் பிறகு பாக்கம் மலைப்பக்கம் பதினைந்து நாள் கூடாரம் போடப்போகிறோம் என்று தெரிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"போன வருசம் மழ புடிச்சிக்கிச்சி. ஓடையில தண்ணி. அரிசி வண்டி அந்தாண்ட நிக்குது, நாங்க இந்தாண்ட. மூணு நாளு புளித்தண்ணிதான். என் டப்பா இல்லன்னா செத்திருப்போம். நீயும் ஒண்ணு சேத்து வச்சிக்கடா சைவம்."

"நான் மீன் துன்றதில்லண்ணே."

"மூணாம் நாளு துன்னுவ."

சொல்லிவிட்டுப் புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த நைலான் நரம்பு பத்து முழம் கொடுத்தான். அது அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. கண்ணாடி மாதிரி இருக்கும், கையில் சுற்றினால் தானே விரிந்துகொள்ளும்.

மற்றதை நான்தான் சேர்த்தேன். தூண்டில் முள் விற்கிறவர் சந்தையில் எங்கள் கடைக்கு நேர் எதிரே உட்காருவார். அவரிடம் போய் நின்றால் மூன்று நிமிடத்தில் நைனாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஊசியை வளைக்கலாம் என்று கன்னியப்பன் வழி சொன்னான். எங்கள் வீட்டில் தைக்கிறவள் சின்னம்மா, சித்தப்பாவின் மனைவி, அனந்தபுரத்துக்காரி. அவள் தையல் பெட்டியிலிருந்து பத்து ஊசி எடுத்தேன். மத்தியானம் எல்லாரும் தூங்குகிற நேரத்தில், கொல்லையில் விளக்கைக் கொளுத்தி, ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, குறட்டால் வளைத்து, மறுபடியும் காய்ச்சி எண்ணெயில் போட்டேன். காய்ச்சாமல் வளைத்தால் பட்டென்று ஒடியும். அப்படி மூன்று ஒடிந்தது. துண்டுகளைச் சாக்கடையில் போட்டேன். மீதி ஏழு. ஊசிக் காதிலேயே நரம்பைக் கட்டிக்கொள்ளலாம் என்பது ஒரு வசதி.

துருப்பிடிக்காமல் இருக்க ஏழையும் ஒரு மெழுகு உருண்டையில் குத்தினேன். உருண்டை டப்பாவில் அடங்காததால் நீளவாக்கில் உருட்டி நடுவில் அமுக்கினேன். குண்டுக்கு ஈயம் வேண்டும். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஈயத்தகடு ஒட்டியிருப்பார்கள். கடையிலிருந்த காலிப் பெட்டியில் ஒரு துண்டு உரித்து, தட்டி, வேண்டும்போது ஒவ்வொன்றாக ஒடித்துக்கொள்ள பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்து வைத்தேன். ஒன்பது கட்டம் வந்தது. மிதவைக்கு மயிலிறகுத் தண்டு. இதெல்லாம் வைத்துக்கொள்ள நைனாவின் பழைய மூக்குப்பொடி டப்பா. உண்மையைச் சொன்னால், செய்து முடித்ததும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. நெல் குதிருக்குப் பின்னால், ஒரு ஆடுகிற செங்கல்லை நகர்த்தி, உள்ளே வைத்து மூடினேன்.

நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். எனக்கு அப்போது அந்தப் புத்தி இல்லை.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வெள்ளையடிக்க நெல் குதிரை நகர்த்தினார்கள். அம்மா டப்பாவைக் கண்டுபிடித்தாள். திறந்ததும் போட்டுவிட்டாள். மெழுகு பொம்மை. அதன் உடம்பில் வளைந்த ஏழு ஊசி. ஒன்பது கட்டம் போட்ட ஈயத்தகடு. ஏதோ மிருகத்தின் நரம்பு. எல்லாம் நைனாவின் டப்பாவில். நைனாவுக்கோ கார்த்திகையிலிருந்தே வயிற்று வலி.

"யாரோ நமக்குச் சூனியம் வச்சிட்டாங்க" என்றாள் அம்மா. குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நைனா சிரிக்கப் பார்த்தார். "டப்பா என்னுது. அதுக்குன்னு எனக்கு நானே வச்சிக்கினேனா?"

"ஊசி யாருதுன்னு பாருங்க."

எல்லாரும் சின்னம்மாவைப் பார்த்தார்கள். சின்னம்மா குனிந்து மெழுகைப் பார்த்தாள், நரம்பைத் தொட்டாள். பிறகு, "ஊசி என்னுதுதாங்க்கா. காணாமப் போயி பத்து நாளாச்சு" என்றாள். மறைக்கத் தெரியாதவள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பத்து காணோம். இதுல ஏழுதான் இருக்குது" என்றும் சொன்னாள்.

"அப்ப மிச்சம் மூணு எங்க?"

அந்த மூன்று ஊசிக்காக எங்கள் வீடு பட்ட பாடு இருக்கிறதே. தலையணைகளைப் பிரித்தார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்துச் சலித்தார்கள். நிலைப்படிக்கு அடியில் தோண்டினார்கள். நானும் தோண்டினேன். கடப்பாரையை என் கையில்தான் கொடுத்தார்கள். இல்லாத ஊசிக்கு, அது இல்லையென்று தெரிந்தே, இரண்டு முழம் தோண்டினேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மந்திரக்காரர் வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஊசி முனையைப் பெருவிரலில் வைத்துப் பார்த்தார், நரம்பை இழுத்துப் பார்த்தார். இழுத்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தூண்டில் போட்டுப் பழகிய கை அது. அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கணம் என்னைப் பார்த்தார் என்றுகூடத் தோன்றியது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏழுன்னா சும்மா இல்ல. நான் யார் பேரையும் சொல்லமாட்டேன். ஆனா இது வெளியில இருந்து வரல."

அது போதுமாக இருந்தது. ஐப்பசியில் சின்னம்மா பிறந்த வீட்டுக்குப் போனது, அமாவாசைக்கு மறுநாள் வந்தது, வந்ததும் குதிர் பக்கம் நின்றது, எல்லாவற்றையும் அம்மா வரிசையாகச் சொன்னாள். "கூட உக்காந்து சோறு துன்னுக்கினே வச்சிருக்காளே" என்றாள். சித்தப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "எம் பொண்டாட்டிய சந்தேகப்பட்ட வீட்ல இனிமே எனக்குச் சோறு வேணாம்" என்றார். நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிற்பாடு ஆஸ்பத்திரியில் அதைக் குடல்புண் என்றார்கள்.

டப்பாவை மந்திரக்காரர் கோட்டைக்கு எடுத்துப் போய்ச் செட்டிகுளத்தில் வீசினார். நானும் சித்தப்பாவும் கூடப் போயிருந்தோம். டப்பா விழுந்த இடத்தில் ஒரு மீன் துள்ளியது. சித்தப்பா கும்பிட்டார்.

மூன்று நாள் எனக்கு அவகாசம் இருந்தது. "அது என்னுது" என்று இரண்டே வார்த்தை. முதல் நாள் நைனாவிடம் சொல்லக் கடைவரைக்கும் போனேன், கூட்டமாக இருந்தது. இரண்டாம் நாள் சின்னம்மா கிணற்றடியில் தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னாப்பா, தண்ணி வேணுமா?" என்றாள். தலையாட்டினேன். ஒரு வாளி இறைத்து ஊற்றினாள். கால் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். மீன் தின்னப் போனவன் என்று தெரிந்தால் அம்மா என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் மனசில் நின்றது. மூன்றாம் நாள் என்ன சாக்கு வைத்திருந்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

அந்தப் பொங்கலுக்கு ஒரே முற்றத்தில் இரண்டு பானை பொங்கியது. இரண்டு பக்கமும் யாரும் 'பொங்கலோ பொங்கல்' என்று குரல் கொடுக்கவில்லை.

முகாமுக்குப் போனேன். ஒரு சொட்டு மழை இல்லை. அரிசி வண்டி நேரத்துக்கு வந்தது. "எங்கடா உன் டப்பா?" என்று கன்னியப்பன் கேட்டான். "குளத்துல போட்டாச்சு" என்றேன். "போட்டுமா ஒண்ணும் மாட்டல?" என்று சிரித்தான். அவன் டப்பாவைக் காட்டச் சொன்னேன். எடுத்துவர மறந்துவிட்டானாம். போன வருடத்து ஓடை வெள்ளம்கூட உண்மையா என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம்.

திரும்பி வந்தபோது முற்றத்தின் நடுவில் செங்கல் சுவர் ஒன்று இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. அடுத்த வருடம் சித்தப்பா குடும்பம் அனந்தபுரம் போய்விட்டது.

சொன்னேன், சொல்லாமல் இல்லை. இருபது வருடம் கழித்து. அம்மாவும் நைனாவும் போன பிறகு, அனந்தபுரத்தில், சின்னம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது. தரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"தெரியும்" என்றாள். கை நிற்கவில்லை.

"எப்பத்திலருந்து?"

"டப்பாவத் தொறந்தப்பவே. எங்க ஊரு ஏரிக்கரையில பொறந்தவளுக்குத் தூண்டி நரம்பு தெரியாதா? காட்டுக்குப் போவறவன் நீ ஒருத்தந்தான், குதிருக்குப் பின்னால கைய விடற ஆளு வேற யாரு."

"ஏன் சின்னம்மா சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்." ஒரு கொட்டையை எடுத்துப் போட்டாள். "கெணத்தாண்ட வந்தியே, அப்ப சொல்லிடுவன்னு நெனச்சேன்."

பிறகு சாப்பிடக் கூப்பிட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாம் முறை சோறு கேட்கக் கூச்சமாக இருந்தது. அவளே போட்டாள்.

சின்னம்மாவும் இப்போது இல்லை. வீட்டை விற்றோம். வாங்கியவர் முதல் வேலையாக அந்தச் சுவரை இடித்தார், பிறகு வீட்டையே இடித்துத் துணிக்கடை கட்டினார். தேயிலைக்கு ஈயம் ஒட்டிய பெட்டி வருவதில்லை. நிலம் அளக்கச் சங்கிலியும் இழுப்பதில்லை. கோடையில் செட்டிகுளத்தில் தண்ணீர் இறங்கும்போது நான் போய்ப் படியில் நின்று பார்ப்பதுண்டு. டப்பா எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். ஊசியும் அப்படித்தான்.

இதையெல்லாம் சொல்லாமல், மகளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். இந்த நரம்பு தண்ணீரில் கிடந்தால் எத்தனை வருடத்தில் மக்கும் என்று.

"நைலான்ப்பா. அது லேசுல மக்காது" என்றாள்.

மூடியின்மேல் அவள் பேரைப் பெரிதாக எழுதச் சொல்லிப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.