பட்டுத் துணியில் இல்லாத குரல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் ஓர் ஆங்கிலேய மந்திரியின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் பாதி முழுவதும் அவருடைய பாட்டனார்கள். பொறுத்துக்கொண்டு தாண்டினேன். அப்புறம் ஓர் இடம் வந்தது. சபையில் எழுந்து பேசுவதற்கு முன்னால் அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாராம். அழுக்கே இல்லாவிட்டாலும் துடைப்பாராம். நூலை எழுதியவர் இதை அவருடைய காரியதரிசியிடம் கேட்டு, மனைவியிடமும் விசாரித்து எழுதியிருக்கிறார்.

புத்தகத்தை மூடிவிட்டேன். கிள்ளானில் நம்மவர் ஒருவர் இருந்தாரே! ஊர்ச் சுகாதாரம் பார்க்கும் சானிட்டரி போர்டில் வெள்ளைக்கார அங்கத்தினர்களுக்கு நடுவே உட்கார்ந்து, கூலிகள் குடியிருந்த லயன்களுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டுமென்று பேசி வாங்கிக் கொடுத்தாரே, அந்தப் பெரியவர் எழுந்து நிற்பதற்கு முன் என்ன செய்தார்?

அவர் இறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. "பேச்சுன்னா அவர் பேச்சு" என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படிப் பேசுவார் என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவர் உயிரோடிருந்த நாளெல்லாம் நான் கோலாலம்பூரில்தான் இருந்தேன், பரீட்சைக்காக எங்கோ இருந்த ராஜாக்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு. ரயிலேறிப் போய் ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் நின்றிருந்தால் போதும். அந்தக் குரல் என் காதில் இருந்திருக்கும்.

நான் அப்போது ரயில்வேயில் சின்ன குமாஸ்தா. அறையில் என்னோடு இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், அங்கேயே கணக்கு இலாகாவில் வேலை, என்னைவிட மூத்தவர். என் திட்டத்தைச் சொன்னதும் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"விசரோ உமக்கு? பந்தடிக்க ஆள் காணாது எண்டு நிக்கிறம், நீர் செத்தவருக்குச் சரித்திரம் எழுதப் போறீரோ?"

"எழுதத்தான் போறேன், அண்ணே."

"எழுதும், எழுதும். பிறகு உம்மட சரித்திரத்தை ஆர் எழுதுறது?"

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மட்டும் இருந்தார். பிள்ளைகள் இல்லை. வீட்டை ஒழித்துவிட்டு, வரும் கப்பலில் நாகப்பட்டினத்துக்கு, தம்பி வீட்டோடு இருந்துவிடப் போகிறார். பெட்டிகளெல்லாம் கூடத்தில் கிடந்தன. சுவர்கள் மட்டும் இன்னும் நிறைந்திருந்தன: தங்க முலாம் பூசிய சட்டங்களுக்குள் பட்டுத் துணியில் அச்சடித்த உபசாரப் பத்திரங்கள். நம் ஜனங்களுக்கு இது இல்லாமல் முடியாதே. ஒருவருக்கு மாற்றலானாலும், உத்தியோகம் உயர்ந்தாலும், ஊருக்குப் போய்த் திரும்பினாலும், மாலை போட்டு, பத்திரம் வாசித்து, போட்டோ பிடித்துத்தான் விடுவோம்.

எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. ஒரு ஞாயிறு போதாமல் அடுத்த ஞாயிறும் போய் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். அம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"ஏந்தம்பி, செவத்தையேதான் பாக்குறீங்க. என்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாமா?"

"எல்லாம் இதிலயே இருக்கும்மா. குணம், சேவை, பேச்சு, எல்லாம்."

"அப்படியா? சரி, காப்பி ஆறிடப்போவுது."

அறைக்குத் திரும்பி முதல் அத்தியாயத்தை எழுதி முடித்தேன். சொல்லில் சிங்கம், கொடையில் கார்மேகம், நீதியில் துலாக்கோல். படிக்கப் படிக்க எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த வாரமே எங்கள் தலைமைக் குமாஸ்தாவுக்கு ஈப்போவுக்கு மாற்றலாயிற்று. யாருக்கும் அரை நாள் லீவுகூடக் கொடுத்தறியாத மனிதர். மாலை போட்டு, பட்டுத் துணியை விரித்து ஒருவர் வாசிக்கத் தொடங்கினார். சொல்லில் சிங்கமே! கொடையில் கார்மேகமே! பின்வரிசையில் யாரோ இருமி இருமிச் சிரிப்பை அடக்கினார்கள். என் அறைத் தோழர் காதருகில் குனிந்தார்.

"தம்பி, உம்மட சிங்கம் இஞ்சையும் வந்திட்டுது."

கூட்டம் கலைந்ததும் அந்தப் பத்திரத்தை அடித்துக் கொடுத்த அச்சுக்கூடத்துக்கு ஓடினேன். முதலாளி சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுத்து கோத்தே வச்சிருக்கோம், தம்பி. பேர மட்டும் மாத்துவோம்லா. ஏன், ஒங்களுக்கும் மாத்தலா?"

மறுநாள் காலை அம்மாளுக்குக் கப்பல். அலுவலகத்தில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லும்படி அறைத் தோழரிடம் கெஞ்சிவிட்டு ரயிலேறினேன். துறைமுகக் கொட்டகையில் அம்மாள் ஒரு தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்த தம்பி மகன் டிக்கெட்டுகளைக் காட்டப் போயிருந்தான். மூச்சு வாங்க நின்று கேட்டேன்.

"அம்மா, பேசப் போறதுக்கு முன்னால அவங்க என்ன செய்வாங்க?"

அவர் சிரித்தார். "செவரெல்லாம் காலியானப்புறம்தான் கேக்கத் தோணுச்சாக்கும். மொத நாளு சமையக்கட்டுக்கு வந்துருவாரு. நான் அரிசி களைஞ்சிக்கிட்டு இருப்பேன். கதவு நெலையப் புடிச்சிக்கிட்டு நின்னு எங்கிட்ட இங்கிலீசு பேசுவாரு."

"உங்களுக்கு இங்கிலீஷ்…"

"எனக்கு எங்கேருந்து வரும்? 'அர்த்தத்தக் கேக்க அங்க ஆளிருக்கு, நீ குரலக் கேளு'ம்பாரு. நடுங்குனா நான் கையத் தூக்கணும். ஒடனே நிறுத்திட்டு மொதல்லேருந்து ஆரம்பிப்பாரு."

"தண்ணிக்காகப் பேசினப்போ?"

"அன்னிக்குக் கையக் கீழ போடவே முடியல, தம்பி. சோறு கொழைஞ்சே போச்சு. காலையில அந்த நடுக்கத்தோடயேதான் கெளம்பிப் போனாரு."

"எப்படி ஆரம்பிப்பாங்க? ஒரு வரி சொல்லுங்களேன்."

அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். ஓர் ஆணின் கனத்த குரலில், "மிஸ்டர்சேர்மன்… சார். ஐபெக்யுவர்பேஷன்ஸ்" என்றார். எந்தச் சொல் எங்கே முடிகிறதென்று அவருக்குத் தெரியாது. ஆனால் 'சார்' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டார். அது அம்மாளுடையதல்ல. கொட்டகையின் அத்தனை இரைச்சலிலும் பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்று மூச்சிழுத்தது போலிருந்தது.

"அப்புறம், அம்மா?"

"இருங்க, அடுத்தது வந்து…" கண்ணை மூடிக்கொண்டார்.

"அத்தே, ஏறுறதுக்கு முன்ன கப்பல் டாக்டர்கிட்ட காட்டணும், எந்திரிங்க! அங்க வரிசை போயிக்கிட்டே இருக்கு." தம்பி மகன் பெட்டியைத் தூக்கிவிட்டான்.

"நாகப்பட்டினம் வந்தா சொல்றேன் தம்பி" என்று நடந்துகொண்டே சொன்னார். கூட்டத்தில் அவர் தலை மறைந்தது. கப்பல் நகர்ந்த பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். ஒரே ஒரு வரி கிடைத்துவிட்டதே, அதனால்தான் கால் நகரவில்லை. ஒன்றும் கிடைக்காதிருந்தால் இத்தனை தாகம் இருந்திருக்காது.

எழுதிய அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். நாகப்பட்டினத்துக்குப் போக வேண்டுமானால் நீண்ட லீவு வேண்டும். விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், புதிய தலைமைக் குமாஸ்தாவின் மனம் எப்படியோ. அதுவரை சும்மா இருக்க முடியாது. சானிட்டரி போர்டில் கதவோரம் நின்றிருந்த பியூன் ஒருவர் கிள்ளானை அடுத்த பண்டமாரான் பக்கம் இருக்கிறாராம். அந்தத் தண்ணீர்ப் பேச்சை முழுக்கக் கேட்டவர், மலாய்க்காரர். என் மலாய் பாசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ள வேண்டும்.