கண்ணை மூடிக் கும்பிட்ட நேரம்

நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவது, துணி மாற்றிவிடுவது என் வேலை. அங்கே நீச்சல் குளம் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர ஒரு பெண் ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது நானே போய், "எனக்குத் தெரியுமுங்க" என்றேன். கட்டிக்கொடுத்தது மலைமேல் வெள்ளக்கடை ஊருக்கு என்றாலும் நான் பிறந்தது அடிவாரத்தில். தோட்டத்துக் கிணற்றில் ஏழு வயதிலேயே குதித்தவள்.

என்னைப் பழக்கிவிடச் சேலத்திலிருந்து ஒரு பெண் வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி வருவார். முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அக்கா என்பார். நான் மேடம் என்பேன். மூன்று மாதம் கூடவே நின்று பழகி, கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் நான் தனியாகப் பிள்ளைகளை நீரில் இறக்கலாம்.

முதலில் உடை. முழுக்கையும் முழுக்காலும் வைத்ததுதான். ஆனாலும் வீட்டில் போட்டுப் பார்த்தபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்புள்ள, தவளைக்குச் சட்ட தெச்சுப் போட்டாப்ல இருக்குது!" அந்தக் கூச்சம் நாலு நாளில் போய்விட்டது. இப்போது நான் சொல்ல வருவது அதை அல்ல.

மேடம் முதல் நாளே சொன்னார்: "நீங்க நல்லா நீந்துறீங்க அக்கா. ஆனா உங்க கண்ணு தண்ணி மேலயே இருக்கு. பிள்ளைங்க மேல இருக்கணும். என்ன ஆனாலும் அவங்களுக்கு முதுகு காட்டாதீங்க. தலைய எண்ணிக்கிட்டே இருங்க."

சரிங்க என்றேன். எண்ணவும் செய்தேன். ஒரு வழக்கத்தை மட்டும் விட மனம் வரவில்லை. கிணற்றில் இறங்கும் முன் நாங்கள் கிழக்கே பார்த்து நின்று, ஒரு கை நீர் அள்ளிக் கண்ணில் ஒற்றி, கண்ணை மூடி, "தாயே, உள்ள வுட்ட மாதிரியே வெளிய வுடு" என்று கேட்போம். கும்பிடாமல் நீரில் கால் வைத்ததே இல்லை. இந்தக் குளத்தில் பிள்ளைகள் உட்காரும் விளிம்பு மேற்குப் பக்கம். நான் கிழக்கே திரும்பினால் அவர்களுக்கு முதுகு. மேடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வேன்; அவர் பக்கத்தில் இருந்தவரை அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அன்று ஏழு பிள்ளைகள். "மிதக்கிற பலகை எடுத்துட்டு வந்தர்றேன், பாத்துக்குங்க அக்கா" என்று மேடம் உள்ளே போனார். நான் படியில் குனிந்து நீரை அள்ளிக் கண்ணை மூடினேன். வேண்டுதலை முழுசாகக்கூடச் சொல்லி முடிக்கவில்லை. பின்னால் தொபுக்கென்று சத்தம்.

திரும்பினால் விளிம்பில் ஆறு தலைதான். நீருக்கடியில் ஒரு சிவப்புத் தொப்பி. எனக்கு இடுப்பளவு ஆழம், அந்த ஆறு வயசுப் பிள்ளைக்குத் தலைக்கு மேல். பாய்ந்து தூக்கிவிட்டேன். இருமியது, மூக்கில் நீர் வழிந்தது, அழுதது. வேறொன்றும் ஆகவில்லை. மேடம் பலகைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"அதுவா எறங்கிருச்சுங்க மேடம். உக்காரு உக்காருன்னு நூறு தடவ சொன்னேனுங்க."

"நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"சேர்வராயன் சத்தியமா கண்ண எடுக்கலீங்க."

அது என் வாயிலிருந்துதான் வந்தது. என் வீட்டுக்காரர் ஆட்கள் மலைக்காரர்கள். உச்சியில் குகைக்குள் இருக்கும் அந்தச் சாமி பேரில் விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் செய்ய மாட்டார்கள். நான் ஒரு கையெழுத்துக்காகச் செய்தேன்.

சொல்லாமல் நீரில் இறங்கிய பிள்ளைக்கு மூன்று வகுப்பு குளம் கிடையாது, பெஞ்சில்தான் உட்கார வேண்டும். மேடம் அப்படி ஒரு விதி வைத்திருந்தார். பிள்ளை என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது.

சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றப் போனவள், முடியாமல் மகளை ஏற்றச் சொன்னேன். தீட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். அதையும் நான் திருத்தவில்லை.

அடுத்த வகுப்பில் அந்தப் பிள்ளை துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. மற்ற ஆறும் விளிம்பில் காலை ஆட்டிக்கொண்டிருந்தன. நான் எந்தப் பக்கமும் திரும்பாமல், கும்பிடாமல், நேராக நீரில் இறங்கினேன். கும்பிட எனக்கு என்ன யோக்கியதை?

"அக்கா! சாமி கும்புட மறந்துட்டீங்க!" என்று பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது.

"என்ன சாமி கண்ணு?" என்றார் மேடம்.

அது எழுந்து வந்து செய்து காட்டியது. குனிந்தது, வெறுந்தரையில் நீர் அள்ளுவதுபோல் அள்ளியது, கண்ணில் ஒற்றியது, இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டது. "அக்கா எப்பவும் இப்படித்தான் கும்புடுவாங்க. அன்னைக்கு நானும் கும்புட்டேன், உளுந்துட்டேன்."

அதை யாரும் அதுவரை கேட்கவே இல்லை. இத்தனை நாள் என்னைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறது. நீச்சலுக்கு முன்னால் அந்தப் பிள்ளை என்னிடம் கற்றுக்கொண்டது அதைத்தான்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "அக்கா, அது உளுந்தப்ப உங்க கண்ணு மூடியிருந்துச்சா?"

"மூடியிருந்ததுங்க."

"முதுகு?"

"காட்டிட்டுத்தானுங்க இருந்தேன். பொய்ச் சத்தியம் பண்ணிட்டேனுங்க."

ஒரு பிள்ளையின் வாய் வழியாக வந்த பிறகு சொன்ன உண்மை அது. நானாகச் சொன்னதாக எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது.

மேடம் சத்தம் போடவில்லை. "கும்புடுங்க அக்கா, நான் வேண்டாங்கல. நானும் பிஸ்மி சொல்லிட்டுத்தான் எறங்குறேன். கண்ணத் தொறந்துட்டுச் சொல்றேன்." பிறகு சொன்னார், "இந்தத் தடவ உங்களுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். மறுபடி முதல்லருந்து மூணு மாசம்." பிள்ளையிடம் குனிந்து, "தப்பு உம்மேல இல்ல கண்ணு, வா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் நீரைக் கண்டு பின்வாங்கியது. அப்புறம் இறங்கியது.

நான் மேலே ஏறி, அது விட்டுப்போன துண்டை மடித்து வைத்துவிட்டு, அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியைப் பிடித்துக் கால் அடித்துக்கொண்டிருந்த பிள்ளை என்னைப் பார்த்துக் கத்தியது: "அக்கா, நீங்களும் சொல்லாம எறங்கிட்டீங்களா?"

"ஆமா சாமி" என்றேன். ஏழு தலையையும் எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.